கைக்கெட்டும் தூரத்தில் சாணை

ஒட்மார் ஊலிக்கின் பட்டறையில் கடைசல் எந்திரத்துக்கும் சாணைமேடைக்கும் நடுவே ஒரு நாற்காலி போடும் இடம்தான் இருந்தது. அதைக் கடந்து போய்த் திரும்ப அவனுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. வெளியே வெயில் காயும்போது தோளில் பனித்தூளோடு வருவான். பனி கொட்டும் மாதத்தில் காட்டுப் பெர்ரி தின்ற நீல வாயோடு வருவான். உளி மட்டும் ஒழுங்காகத் தீட்டப்பட்டிருக்கும். இதை நம்பாத சிலர் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் ஒட்மாரின் பூட்ஸைத் துடைத்ததில்லை.

எங்கள் ஊர் சாக்சனி மலையில், பொஹீமிய எல்லைக்கு ஒரு காடு இப்பால் இருக்கிறது. இங்கே மரக்குதிரையை ஒவ்வொன்றாகச் செதுக்கிக்கொண்டு உட்கார மாட்டோம். ஊசியிலை மரத்தின் ஈரத்தண்டை வளையமாகக் கடைந்து, அந்த வளையத்தைக் கேக் வெட்டுவதுபோல் பிளந்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு குதிரையாக விழும். பிளக்கும்வரை கடைகிறவன் கண்ணுக்கே குதிரை தெரியாது, எல்லாம் கைக்கணக்கு. உளி லேசாக மழுங்கினாலும் வளையம் முழுக்கக் கழுத்து கோணிவிடும். அதனால் நாளெல்லாம் சாணைக்கு ஓட வேண்டும். முன்பு எல்லோரும் கீழ்க்கோடியில் ஓடையின் தண்ணீரில் சுற்றும் கடைசல் ஆலையில் ஆளுக்கோர் இடம் பிடித்துக் கடைந்தோம், சாணைக்கல் அங்கேயே இருந்தது. ஊருக்கு மின்சாரம் வந்ததும் அவனவன் எந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோனான். கல் மட்டும் ஆலையிலேயே கிடந்தது. மேல்கோடியில் இருந்த ஒட்மார் மழுங்கிய உளியை எடுத்துக்கொண்டு தினமும் பலமுறை ஊரின் நீளத்துக்கு இறங்கி ஏறினான். அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. ஓரிடத்தில் பொருந்தி உட்காராத பிறவி அவன். சாப்பிடும்போதும் ஒரு கால் வாசலைப் பார்த்தே இருக்கும்.

குறை அவன் மனைவி அல்வீனாவுக்கு. ஒட்மாரின் அப்பா ஒருநாள் பெர்ரி பறிக்க வாளியோடு காட்டுக்குள் போனவர், இன்றுவரை வாளியும் வரவில்லை. அந்த ரத்தம்தானே இவனுக்கும் என்று அவளுக்குப் பயம். சன்னலோரம் உட்கார்ந்து குதிரைகளுக்குக் காது கீறிச் சேணத்துக்கு நீலம் தீட்டும்போதெல்லாம், அவன் இறங்கிப் போகும் முதுகையும் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வசந்தத்தில் பொறுத்தது போதுமென்று பட்டறையைத் தலைகீழாகப் புரட்டினாள். முழங்கால் அளவு கிடந்த மரச்சுருளை வாரி மூட்டை கட்டினாள். ஈரத்தண்டுகள் ஊறும் தொட்டியை வாசலோரம் நகர்த்தினாள். உளிகளை நீள வரிசையில் சுவரில் மாட்டி, எது எங்கே என்று தெரிய ஒவ்வொன்றையும் சுற்றி நீலத்தில் கோடு போட்டாள். பிறகு அவனையே விட்டுச் சாணைமேடை கட்ட வைத்தாள். கனத்த மரச்சட்டம், காலால் மிதித்துச் சுற்றும் மணற்கல், அதன் அடியில் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் எண்ணெய்க்கல், பிசிறு எடுக்கத் தோல்வார். நிற்கும்போது முழங்கை மடங்கும் உயரம். ஊரே வந்து பார்த்துப் பொறாமைப்பட்டது. கீழ்க்கோடியில் ஆலைக்கு அடுத்த வீட்டில் இருந்த அவள் அக்கா மில்டா மட்டும் உதட்டைப் பிதுக்கினாள்.

"இங்க வந்து என் அடுப்புல ஒரு உருளைக்கிழங்க எடுத்துக் கடிச்சாத்தான் உன் புருஷனுக்குப் பொழுதே போகும். அதையும் புடுங்கிட்டியாடி?"

முதல் நாள் அவன் எந்திரத்தை நிறுத்தி, உளியோடு திரும்பி, சாணைமேடையை நோக்கி நடந்தான். அல்வீனா நிமிர்ந்து பார்த்தபோது அவன் முதுகு அதே அறைக்குள் சின்னதாகிக்கொண்டே போனது. கடைசியில் அவள் கையிலிருந்த குதிரையளவு ஆகி, அதுவும் மறைந்தது. அவளுடைய காப்பி ஆறுவதற்குள் திரும்பி வந்தான். சாணை நன்றாகப் பிடிக்கிறது, வழிதான் கொஞ்சம் சேறு என்றான். எந்த வழி என்று கேட்டாள். சாணைக்குப் போகும் வழிதான், வேறெது என்று அவன் விழித்தான். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், அதுதான் அவளை இன்னும் கலக்கியது.

அடுத்த வாரம் அவன் இடுப்புவாரில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றைக் கட்டி விட்டாள். கயிறு போதவில்லை, பக்கத்து வீடுகளில் இருந்த கொடியெல்லாம் வாங்கி முடிந்தாள். அந்த வாரம் எங்கள் தெருவில் துணி வேலியில்தான் காய்ந்தது. ஒருநாள் கயிறு தளர்ந்தது, இழுத்தாள். முனையில் பொஹீமிய மணி கட்டிய ஒரு வெள்ளாடு வந்தது. பின்னாலேயே வந்த ஒட்மார், ஆடு வழி தவறி நின்றதாகவும், கயிறு தனக்குக் காலில் தடுக்கியதாகவும் சொன்னான். ஆட்டைத் தேடி யாரும் வராததால் அது இங்கேயே தங்கிவிட்டது. நல்ல பால் கொடுத்தது.

பிறகுதான் அல்வீனா தப்பு செய்தாள். மேடை தள்ளி இருப்பதால்தானே நடக்கிறான் என்று அதைக் கொஞ்சம் கிட்டே இழுத்தாள். அவன் மத்தியானம்வரை வரவில்லை. இன்னும் இழுத்தாள், விளக்கேற்றிய பிறகு வந்தான். அவள் முட்டாள் இல்லை, பயந்தவள். பயந்தவர்களுக்கு இழுத்துப் பிடிக்கத்தான் தெரியும். அறுவடைக்கு மறுநாள் அவனைக் கேட்காமலே மேடையை எந்திரத்தோடு ஒட்டவைத்து ஆணி அடித்தாள். இனி அவன் இடுப்பைத் திருப்பினாலே போதும். அவன் மழுங்கிய உளியோடு இடுப்பைத் திருப்பினான், போய்விட்டான்.

இலை உதிர்ந்து முதல் பனியும் விழுந்தது, அவன் வரவில்லை. கிறிஸ்துமஸ் சந்தைக்குக் குதிரைகள் போயாக வேண்டும் என்பதால் அல்வீனா தானே எந்திரத்தின் முன் நின்றாள். முதல் வளையத்தைப் பிளந்தபோது விழுந்தவை குதிரையா பன்றியா என்று ஊர் இரண்டுபட்டது. பன்றி என்றே விற்றாள். மூன்றாவது வளையத்தில் கழுத்து நிமிர்ந்தது. அவளுக்குச் சாணை கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. திரும்பினால் கல், மிதித்தால் பொறி, அவ்வளவுதான். உளியைத் தீட்டும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வந்தது. மேடையைத் தள்ளி வைத்தால் அவன் சீக்கிரம் வருவான் என்பது அவளுக்கு எப்போதோ புரிந்துவிட்டது. ஆனால் வழியில் இருப்பவன் வந்து சேரும் இடத்தில் மேடை இல்லாவிட்டால்? அதைச் சொல்லி அவள் மில்டாவிடம் புலம்பினாள்.

"அவன் உன்கிட்டயாடி வர்றான்? சாணைக்குத்தான வர்றான். எங்க வெச்சாலும் அங்க வந்து நிப்பான்."

"அப்ப நான் அவனுக்கு யாரு, அக்கா?"

"அத அவன் வந்ததும் கேளு. மொதல்ல ஆணியப் புடுங்கு."

அந்தப் பேச்சு அல்வீனாவுக்குச் சுருக்கென்று தைத்தது. இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஆணியைப் பிடுங்கி, மேடையை விறகு இழுக்கும் சறுக்குவண்டியில் ஏற்றி, பனியில் ஊரின் நீளத்துக்கு இழுத்துக்கொண்டு இறங்கினாள். நாங்கள் சன்னலில் நின்று பார்த்தோம்; உதவப் போனவர்களை அவள் கிட்டே விடவில்லை. பழைய ஆலையில், ஊர்ச் சாணைக்கல் உடைந்து காலியாகக் கிடந்த அதே மூலையில் மேடையை இறக்கி, சட்டத்தின் அடியில் ஆப்பு சொருகி ஆட்டம் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். ஒட்மார் கல்லின் முன்னால் நின்றிருந்தான். தாடி மார்புவரை இருந்தது. கையில் அதே உளி, அதே மழுக்கல்.

"தொட்டில தண்ணியே இல்லியே," என்றான்.

அவள் ஓடையில் பனிக்கட்டியை உடைத்து வாளியில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினாள். அவன் மிதித்துத் தீட்டினான். பிசிறு எடுத்து, நகத்தில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினான். எங்கே போனாய் என்று கேட்டதற்கு, "சாணை புடிக்கத்தான். ஏன், ரொம்ப நேரமாயிடுச்சா?" என்றான். தான் அவனுக்கு யாரென்ற கேள்வியை அவள் கேட்கவே இல்லை. மில்டா வீட்டில் ஆளுக்கொரு உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு இருவரும் வீட்டுக்கு ஏறினார்கள். அன்று அவளும் நடந்துகொண்டே கடித்தாள்.

மேடை இப்போதும் ஆலையில்தான் இருக்கிறது. பட்டறையில் அது நின்ற இடத்தில் சில நாள் சின்னதாகப் பனி பெய்யும், கூட்டித் தள்ளிவிடுகிறார்கள். எந்திரத்தில் இருவரும் மாறி மாறிக் கடைகிறார்கள். சுவரில் நீலக்கோட்டு வரிசை இரண்டாகிவிட்டது, கீழ் வரிசை அல்வீனாவுடையது. அவளுடைய உளிகளுக்கு அவளே சாணை பிடிக்கப் போகிறாள். ஒட்மார் அரைமணியில் இறங்கி அரைமணியில் ஏறிவிடுகிறான். அவளுக்குத்தான் இந்த வருஷம் நேரம் கூடிக்கொண்டே போகிறது. போன செவ்வாய்க்கிழமை அவள் ஆலைப் பக்கம் வந்ததை மில்டா பார்க்கவே இல்லையாம். பாவாடை ஓரத்தில் எங்கள் பக்கம் முளைக்காத ஏதோ முள்ளோடு இருட்டிய பிறகு வந்தாள், முகம் காற்றில் சிவந்திருந்தது. ஒட்மார் அவள் காப்பியை மூன்றாம் முறை சுடவைத்துத் தட்டால் மூடி வைத்திருந்தான்.

"மேடைய இன்னும் கொஞ்சம் தள்ளி வெக்கட்டுமா?" என்று கேட்டான்.

அல்வீனா பூட்ஸைக் கழற்றாமலே உட்கார்ந்து காப்பியை ஒரு வாய் குடித்தாள்.

"வேணாம். இருக்கட்டும்," என்றாள்.

அவன் எழுந்து அடுப்பில் இன்னொரு கட்டை போட்டான்.