மார்க்கெட் சுவரில் நிற்கிறவள்

சுவரைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பெண்பிள்ளை சங்கரன்கோவிலில் ஒருத்திதான் இருந்திருப்பாள். அவள் பேர் பேச்சி. பழைய மார்க்கெட்டை ஒட்டி மாவு மில் வைத்திருக்கிறாள். அப்பா அவள் பேருக்கு எழுதிவைத்தது. மில் முற்றத்துக்குப் பின்னால் மார்க்கெட்டின் நெடுஞ்சுவர். சுவர் முழுக்க ஆடிச்சுற்றுப் படம்.

ஆடித்தபசுக்குக் கொடி ஏறியதும் நூற்றெட்டு, ஆயிரத்தெட்டு என்று கோயிலைச் சுற்றுவார்களே, அதுதான். ஒற்றைக் காலில் தவம் நிற்கும் கோமதியம்மனின் கால்வலியில் கொஞ்சத்தைத் தாங்களும் வாங்கிக்கொள்வதாகச் சுற்றுகிறவர்களுக்கு நம்பிக்கை. முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஓவியர் வந்து, ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்து வரைந்துவிட்டுப் போனார். முன்னால் நடந்து வருகிறவள் வேல்விழி. மூக்கும் முழியும் அச்சு அசல் அவளேதான். அவளுக்குப் பின்னால் ஒரு தோளும் பாதிச் சடையும் தெரிகிறதே, அது பேச்சி. நூற்றெட்டையும் முடித்தது பேச்சிதான். வேல்விழி எண்பதிலேயே கால் வலிக்கிறதென்று உட்கார்ந்துவிட்டாள். படத்தில் அதெல்லாம் எங்கே தெரிகிறது?

அந்த வேல்விழியைக் கட்டிக்கொள்ளத்தான் ராஜதுரை ஆசைப்பட்டார். பெண் கேட்டும் போனார்கள். அவள் வீட்டில் புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து ராஜதுரை பேச்சிக்கு வாய்த்தார். நல்ல மனுஷன்தான். குடி கிடையாது, கைநீட்டியது கிடையாது. கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் தினமும் காலையில் டீ டம்ளரோடு அந்தச் சுவருக்கு எதிரே ஐந்து நிமிஷம் நிற்பார். அந்த ஐந்து நிமிஷமும் பேச்சிக்கு வயிறு பற்றி எரியும். உயிரோடு ஒருத்தி பக்கத்தில் மாவு அரைத்துக்கொண்டிருக்க, சுண்ணாம்பில் என்ன பார்வை வேண்டிக் கிடக்கிறது?

போன ஆனி மாதம், விளம்பர போர்டு வைக்கிற எபினேசர் மில்லுக்கு வந்தான்.

"யக்கா, நகைக்கடை போர்டு ஒண்ணு. சுவருல ஆணிகூட அடிக்க மாட்டோம். ஒங்க முத்தத்துல நாலு கம்பி ஊணி, மேல கட்டிருவோம்."

"படம் தெரியுமா?"

"தெரியாதுக்கா. முழுசா மறைஞ்சிரும்."

பேச்சிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வாடகை என்னவென்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். எபினேசரே கொஞ்சம் பயந்துபோய் அவளை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

ராஜதுரையின் சாமர்த்தியத்தை என்ன சொல்ல. அந்தப் படத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று ஒரு குழு சேர்த்து, நாலு ரதவீதியிலும் அலைந்து எண்ணூறு கையெழுத்து வாங்கியிருந்தார். வீட்டில் இருக்கிறவளிடம் மட்டும் கேட்கவில்லை. அவள் முற்றம் இல்லாமல் அந்தச் சுவரை யாரும் மறைக்க முடியாது என்பதும் அவர் மூளைக்கு எட்டவில்லை.

சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டுத்தான் சொன்னாள். கத்துவார், நாலு நாள் பேசமாட்டார் என்று எதிர்பார்த்திருந்தாள். அதற்கெல்லாம் பதிலும் தயாராக வைத்திருந்தாள். அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

"போட்டது போட்டாச்சு. விடுட்டி."

"ஒங்களுக்கு வருத்தம் இல்லையாக்கும்?"

"ஊருக்குத்தான் நஷ்டம். எனக்கென்ன, கண்ண மூடுனா தெரியுதுல்லா."

பேச்சி தன் தட்டைத் தள்ளி வைத்தாள். பாழாய்ப் போகிறவள், சுவரில் இருந்தாலாவது வெயில் அடிக்கிறது. கன்னத்தில் குறுக்கே ஒரு விரிசல் ஓடுகிறது. மூக்கு நுனியில் காரை உதிர்ந்துவிட்டது. காலில் மில்லுக்கு வருகிறவன் எல்லாம் வெற்றிலை துப்புகிறான். ஊரே பார்க்கிற பொம்பளை அவள். போர்டு வைத்து மறைத்துவிட்டால்? இவர் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். அங்கே விரிசல் விழாது. அங்கே அவளுக்கு வயசும் ஆகாது. இவருக்கு மட்டும் சொந்தமாகிவிடுவாள். இதற்கா கையெழுத்துப் போட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கம்பிகளை இறக்க வந்த எபினேசருக்கு முற்றத்துக் கேட்டில் பூட்டுத்தான் தெரிந்தது. சாவி பேச்சியின் இடுப்பில்.

"நேத்துதான கையெழுத்துப் போட்டிய?"

"இன்னைக்கு இல்லைங்கேன். அவ அங்கனயே வெயில்ல நிக்கட்டும். நீ வண்டியத் திருப்பு."

எபினேசர் கெஞ்சிப் பார்த்தான், நகைக்கடைக்காரர் போனில் மிரட்டிப் பார்த்தார். சாவி இடுப்பை விட்டு இறங்கவில்லை. செய்தி ஊரெல்லாம் பரவி, பாதுகாப்புக் குழு பேச்சிக்குப் பொன்னாடை போர்த்தக் கூட்டமே போட்டுவிட்டது. ராஜதுரைக்குப் பெருமை தாங்கவில்லை. புதுச்சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கூட்டத்தில் தலைவர் சங்கரபாண்டி எழுந்து ஒரு சந்தோஷச் செய்தி என்றார். "தபசுக்கு முன்னால நல்ல ஆர்ட்டிஸ்டக் கூட்டிட்டு வந்து, முன்னால நிக்க பொம்பளை முகத்தப் புத்தம் புதுசா எழுதப் போறோம். நம்ம ராஜதுரை அண்ணாச்சி யோசனை."

பொன்னாடைக்குள் பேச்சிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மைக்கை அவளே இழுத்துக்கொண்டாள்.

"புதுசா ஒரு பொட்டு பெயிண்டு படப்பிடாது. விரிசல் விரிசலாவே இருக்கணும். மூக்கு போனது போனதுதான். பழசு பழசாத்தான் இருக்கணும்."

கல்லூரியில் ஓவியம் கற்றுக்கொடுக்கிற சாஜிதா பானு எழுந்தாள். பழைய சுவர்ப்படங்களைப் பற்றிப் படித்தவள்.

"அக்கா சொல்றதுதான் சரியான முறை. உதிராமப் பாத்துக்கலாம். மேல புதுசா எழுதினா அது வேற படமாயிரும். படிச்ச எங்களுக்கே இது சட்டுனு தோணல" என்றாள்.

அவ்வளவுதான், மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். சங்கரபாண்டியும் தட்டினார். எபினேசர்கூட வாசலில் நின்று தட்டினான்.

பேச்சி முன்வரிசையைப் பார்த்தாள். ராஜதுரையின் இரண்டு கைகளும் மடியிலேயே கிடந்தன.