முதல் பதிவுக்குத் துப்பக் கூடாது

மார்ச் 11, புதன். இன்று ஒரு தவறு வெளிவந்தது, என்னுடையதுதான். வேலைக்குச் சேர்ந்த அன்று, டீச்சரம்மாவின் முதல் குரல் பதிவை எடுக்கும் முன், நன்றாக இருமித் துப்பிவிட்டு வரச் சொல்லிவிட்டேன். முதல் பதிவுக்குத் துப்பவிடக் கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

இதை எழுதிவிட்டு அவள் பேனாவை மூடினாள். மாலை நேர எழுத்துப் பயிற்சி வகுப்புக்கு இன்னும் யாரும் வரவில்லை. அன்றன்று பார்த்த வேலையைப் பற்றி நாலு வரி எழுதிவரச் சொல்லியிருந்தார் வாத்தியார். 'தவறு' என்ற சொல்லை அடித்தாள். கொஞ்சம் யோசித்து, அதையே மேலே மறுபடி எழுதினாள். அது தவறுதானா என்பதே அவளுக்குப் பிடிபடவில்லை.

பகலில் அவளுக்கு மருத்துவமனையில் வேலை. காது மூக்கு தொண்டைப் பிரிவில் குரல் பதிவு அறை. அங்கே ஒரு புதுத் தொண்டை மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். குரல் கம்மியவர்களை வரவழைத்து, மருந்து கொடுக்கும் முன் ஒரு பதிவு, குடித்து முடித்தபின் ஒரு பதிவு. இரண்டையும் வேறோர் அறையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். எது முந்தியது, எது பிந்தியது என்று அவர்களுக்குச் சொல்வதில்லை. குரல் தேறாதவர்களுக்குக் குழாய்க் கேமரா விட்டுத் தொண்டைக்குள் பார்த்தே ஆகவேண்டும் என்பது ஆராய்ச்சியின் நிபந்தனை.

பதிவறைக்குச் சன்னல் கிடையாது. சத்தத்தை உறிஞ்சச் சுவரெல்லாம் பஞ்சு. சத்தத்தோடு எல்லார் வாய் நாற்றத்தையும் அது உறிஞ்சி வைத்திருந்தது. மைக்கின் உறை எத்தனை பேர் எச்சில் தெறித்ததோ, கறுத்து விறைத்துப்போயிருந்தது. மேசையோரம் ஓர் எவர்சில்வர் கிண்ணம். அதில் காலையில் யாரோ துப்பிய கோழை மஞ்சளாக, விளிம்பிலிருந்து நூல் இழுத்துக்கொண்டு கிடந்தது. சேர்ந்த புதிதில் அவளுக்குச் சாப்பாடு உள்ளே இறங்கவில்லை. பிறகு பழகிவிட்டது.

இன்று டீச்சரம்மாவுக்குக் கடைசிப் பதிவு. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கத்திக் கத்திப் பாடம் எடுத்தவர். இப்போது டஸ்டரால் மேசையைத் தட்டித்தான் வகுப்பை அடக்குகிறாராம். வழக்கப்படி வெந்நீர் கொடுத்து, துப்பச் சொல்லி, உட்காரவைத்தாள். டீச்சரம்மா மூச்சை இழுத்து 'ஆ' என்றார். சிமெண்டுத் தரையில் தகரத்தை இழுத்த மாதிரி வந்தது குரல், பாதியில் அறுந்தது.

அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு வந்தால், பேச்சுப் பயிற்சி அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு முகம் சுளித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது, முன்னதும் பின்னதும் அச்சடிச்ச மாதிரி இருக்கு? முதல் பதிவுல சளியைத் துப்பவிட்டியா?"

"ஆமாக்கா. அன்னிக்குத்தான் வேலைக்கு வந்தேன். நீங்க லீவு."

"போச்சு போ. முதல் தடவை துப்பவிடாதேன்னு அப்புறம் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, அப்பவாவது சொல்லக் கூடாது?"

"ஏன்க்கா விடக் கூடாது? கடைசிப் பதிவுக்கு மட்டும் வெந்நீர் குடுக்கறோம், துப்பச் சொல்றோம்…"

"அப்பத்தானே வித்தியாசம் தெரியும்!"

குடையை மடக்கும் முன் தண்ணீரை உதறு என்பதுபோல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் அக்கா. கேட்டுக்கொண்டிருந்தவள் மேசையோரக் கிண்ணத்தைப் பார்த்தாள். அப்படியானால் இத்தனை நாளும் குரல்களைத் தேற்றியது மருந்து இல்லை. அந்தக் கிண்ணம்தான். கிண்ணத்தை நீட்டியதும் நீட்டாததும் அவள் கை.

ஆராய்ச்சியை நடத்தும் பெரிய டாக்டர் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே உள்ளே வந்தார். ஒரு காதில் ஹெட்போனை வைத்துக் கேட்டார்.

"அட, நம்ம தவளை டீச்சர்!" தாடையைத் தொங்கவிட்டுக் கத்திக் காட்டினார். பிஸ்கட் தூள் மேசையெல்லாம் தெறித்தது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. "இதைத் தேறலன்னு போட்டா கேமரா, அது இதுன்னு இழுக்கும். மாநாட்டுக்குக் கட்டுரை போற நேரம். நாளைக்கு எழுந்ததும் வாய்கூடக் கொப்பளிக்காம வரச் சொல்லு. முதல் பதிவைப் புதுசா எடுத்துக்கலாம். பழசைத் தூக்கிப் போடு."

"சார், அப்ப அவங்க தொண்டைக்குள்ள யார் பார்க்கறது?"

"நல்லாத்தான் இருக்காங்க. நானே அவங்ககிட்ட சொல்லிட்டேனே."

மிச்சப் பிஸ்கட்டைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போனார். கோழையில் ஊறி அது மெல்ல உப்பியது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இதற்கு மட்டும் பழகிவிடக் கூடாது என்று தோன்றியது.

ஆனாலும் சந்தேகம் விடவில்லை. நமக்குத்தான் ஆராய்ச்சி புரியவில்லையோ? அத்தனை படித்தவர் சொல்கிறாரே? இரண்டு பதிவுகளையும் கலைத்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எது முந்தியது என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. மறுபடி கலைத்தாள், மறுபடி கேட்டாள். அதே கதைதான். பிறகு இரண்டையும் மதிப்பெண் போடுகிறவர்களுக்கு அனுப்பினாள். அனுப்பியதைத் திரும்ப எடுக்க முடியாது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள்.

வெளியே பெஞ்சில் டீச்சரம்மா மருந்துப் பாட்டிலை மடியில் வைத்திருந்தார்.

"வீட்டுக்குப் போலாமாம்மா? குணமாயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரே."

"இல்லை டீச்சர். ஆகலை. உள்ளே என்ன இருக்குன்னு கேமரா விட்டுப் பார்க்கணும்."

டீச்சரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுப் பாடத்தை நாய் தின்னுடுச்சுங்கற பொய்யைத் தினம் கேக்கற காதும்மா இது. அவர் சொன்னப்பவே தெரிஞ்சுது." சிரிக்கப் போய் இருமல் வந்தது. இருமி முடித்து, குரலே இல்லாமல் கேட்டார்: "வலிக்குமா?"

"மரத்துப்போக மருந்து அடிப்பாங்க. நான் கூடவே இருக்கேன்."

சாயங்காலத்துக்குள் மதிப்பெண் வந்தது: இரண்டுக்கும் ஒன்றே. நிபந்தனைப்படி கேமரா அறையில் டீச்சரம்மா பெயரைப் பதிந்துவிட்டார்கள். பெரிய டாக்டர் கதவருகே நின்று, "உனக்கு இங்கே வேலை பார்க்கிற எண்ணம் இருக்கா, இல்லையா?" என்றார். அவள் பதிவேட்டில் டீச்சரம்மா பெயருக்கு எதிரே 'நாளை பத்து மணி' என்று குறித்தாள். அக்கா அவள் பக்கமே திரும்பவில்லை.

வகுப்புக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவள் விரலை மோந்து பார்த்தாள். எத்தனை சோப்புப் போட்டும் அந்த அறை வாடை போகவில்லை. 'தவறு' என்ற சொல்லை அப்படியே விட்டுவிட்டு, கீழே எழுதினாள்.

நாளை: கிண்ணத்தையும் மைக் உறையையும் கழுவ வேண்டும். முதல் பதிவுக்கு வருகிறவர்களுக்கும் வெந்நீர் வைக்க வேண்டும். பத்து மணிக்கு டீச்சரம்மாவைக் கேமரா அறைக்குக் கூட்டிப்போக வேண்டும்.