தினமும் கழுவிய கார்

அபிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, தங்கச்சிமடத்துக்குப் பழைய கார் பார்க்க வந்திருந்தோம். விற்கிறவர் பிரடெரிக், கடலுக்குப் போகிறவர். கார் பளபளவென்று நின்றது. என் வீட்டுக்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு அதைத் தடவிக்கொடுத்தார், மாடு வாங்க வந்தவரைப் போல.

"அடியில பாருங்க" என்று மூன்று முறை சொன்னேன். காதில் விழவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே குனிந்தேன். விரல் பட்டதும் துருப்பிடித்த தகடு அப்பளமாய் நொறுங்கியது.

"என்னண்ணே இது?"

"தெரியலயே தங்கச்சி. எட்டு வருசமா போட்டைக் கழுவுற மாதிரி தெனமும் இதையும் கழுவுறேன்."

"எந்தத் தண்ணியில?"

பிரடெரிக் பெருமையாகக் கடலைக் காட்டினார்.

"பாத்தியா சுதா, எவ்வளவு பொறுப்பான மனுசன்!" என்றார் என் வீட்டுக்காரர்.