துறையூரில் எந்தத் தெரு

நாங்கள் குடிபோக வேண்டிய மாடி வீட்டுக்கு ஒரு படிக்கட்டு இருக்கிறது. வீட்டுக்காரர் மேலே நின்று கேள்வி கேட்பார். நாம் பதில் சொன்னால் அவர் காலுக்குக் கீழே ஒரு படி முளைக்கும். அவர் அந்த அளவுக்கு உயரே போய்விடுவார். கோயமுத்தூரில் அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாமே அப்படித்தான். கொத்தனார்களைக் கேட்டால், மண்ணு அப்படி என்பார்கள்.

காலையில் பீரோவை முதுகில் கட்டிக்கொண்டு ஏற ஆரம்பித்தேன். நான் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். கயிற்றை நெற்றியில் மாட்டிக் குனிந்து நடந்தால் பீரோ ஒன்றும் பெரிய பாரம் இல்லை. ஆனால் படிகள் குறுகல். நடுவில் இறக்கி வைக்க முடியாது. மேலே போய்த்தான் இறக்க வேண்டும்.

எனக்குப் பின்னால் என் மனைவி அமராவதி வந்தாள். ஒரு கையில் மண்ணெண்ணெய் ஸ்டவ். இன்னொரு கையில் பால் சொம்பு. தலையில் அரிசி டப்பா. புது வீட்டில் முதல் வேலையாகப் பால் காய்ச்ச வேண்டும். பால் பொங்கி வழிந்தால்தான் அது நம் வீடு. அதற்கு முன்னால் பாய் விரிக்கக்கூடாது.

பழைய வீட்டுக்குத் திரும்ப வழியில்லை. நாங்கள் சாவியைக் கொடுத்ததும் அந்த வீட்டைக் கழுவிவிட்டார்கள். கழுவியதில் அது கரைந்துபோனது. சாக்கடையில் எங்கள் ஜன்னல் மிதந்து போவதை அமராவதி பார்த்தாள்.

"போனாப் போகுது. கொசு வர்ற ஜன்னல்தானே" என்றாள். ஆனாலும் சாக்கடை வளைந்து திரும்புகிற இடம்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

வீட்டுக்காரர் பெயர் ராக்கியப்பன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் சாவி. மேல்படியில் நின்று சிரித்தார். நல்ல சிரிப்பு. நான் குறை சொல்ல மாட்டேன்.

"வாங்க வாங்க. பாத்து ஏறுங்க. எந்தூருங்க?"

"கோத்தகிரிங்க."

ஒரு படி முளைத்தது. காளான் முளைக்கிற மாதிரி, சத்தமே இல்லை.

"கோத்தகிரி குளுகுளுன்னு இருக்குமுங்க. அதுக்கு முன்னால?"

"மண்டபம் கேம்ப்புங்க."

"அட. அதுக்கு முன்னால?"

"கப்பலுங்க."

கப்பல் என்று சொன்னதும் பீரோவுக்குள் தண்ணீர் அலம்பியது. நான் காலை அகட்டி வைத்துச் சமாளித்தேன்.

"கப்பலெல்லாம் ஒரு ஊருங்களா? நீங்க நல்லா வெளையாடறீங்க. அதுக்கு முன்னால?"

"ஹட்டனுங்க. தேயிலைத் தோட்டம்."

பீரோவுக்குள் கொழுந்துக் கூடைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி உயர்ந்தார்.

"ஓ, சிலோன்காரருங்களா! பாத்தா நம்ம ஆளுக மாதிரியே இருக்கறீங்க."

"நம்ம ஆளுகதானுங்க."

"அதைத்தானுங்க கேக்கறேன். நம்ம ஆளுகன்னா, எந்தப் பக்கம்?"

பின்னால் இருந்து அமராவதி என் இடுப்பில் முழங்கையால் இடித்தாள்.

"ஏங்க, மொதல்லயே கோத்தகிரின்னுட்டு வாயை மூடியிருக்கலாம்ல? கேட்டா கேட்டதுக்கெல்லாம் சொல்லணும்னு என்ன சட்டம்? சேலையெல்லாம் நனையுது உள்ள."

அவள் சொன்னது சரி. மார்க்கெட்டில் கூட என் ஜோடி ஆள் வெள்ளைத்துரை சொல்லித்தான் அனுப்பினான். பெரிய கோபுரம் இருக்கிற ஊராகப் பார்த்து ஒன்றைச் சொல்லிவிடு, அப்புறம் கோபுரத்தைப் பற்றியே பேசு என்றான். எனக்கு வரவில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

உள்ளது இதுதான். என் தாத்தாவின் அப்பா தேயிலைத் தோட்ட வேலைக்குக் கடல் தாண்டிப் போனார். பிறகு ரெண்டு அரசாங்கங்களும் பேசி முடித்து என் அப்பாவைத் திருப்பி அனுப்பின. அப்போது நான் அம்மாவின் இடுப்பில் இருந்தேன். அங்கே எங்களை இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே வந்ததும் சிலோன்காரன் என்றார்கள். கடலில் எந்த இடத்தில் பெயர் மாறுகிறது என்று பார்க்க அப்பா கப்பலின் ஓரத்திலேயே நின்றிருக்கிறார். தண்ணீர் ஒரே நிறமாகத்தான் இருந்ததாம்.

"தாத்தாவோட அப்பா எந்தூருன்னு சொல்லுங்க, போதும்" என்றார் வீட்டுக்காரர். இப்போது அவர் கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. "தப்பா நெனச்சுக்காதீங்க. சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதானுங்க."

"துறையூர்ப் பக்கம்னு சொல்லுவாங்க."

"துறையூருங்களா! அப்படிச் சொல்லுங்க. என் சித்தப்பா மருமவன் அங்கதான் வேலையில இருந்தான். நல்ல ஊருங்க. துறையூர்ல எந்தத் தெருங்க?"

நான் நின்றேன். நெற்றிக் கயிறு அறுத்தது.

"தெரு தெரியலீங்க."

தெரியவில்லை என்பதற்கும் ஒரு படி முளைத்தது.

"தெரு தெரியாம எப்படீங்க?"

"தோட்டத்து லயத்துல தெரு கெடையாதுங்க. ஒரே வரிசையா வீடு. கதவத் தொறந்தா மலை."

"லயத்தை உடுங்க. அதுக்கு முன்னால."

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. ஒரு பெண் தலை வந்தது. "எந்தூருன்னு கேட்டா என்னங்க தப்பு? எங்களைக் கேட்டா நாங்க சொல்றதில்லையா?" என்றது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. ஒரு ஆண் தலை வந்து, "தப்புத்தானுங்க. இப்பத்தைய காலத்துல அதெல்லாம் கேக்கக்கூடாதுங்க" என்றது. ரெண்டு தலைகளும் மாறி மாறிப் பேசின. தெருவில் பந்தல் போட்டுவிட்டார்கள். நாற்காலிகள் வந்தன. யாரோ மைக்கை என் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் கட்டினார்கள். மைக் டெஸ்டிங் என்று என் காதுக்குள் கத்தினார்கள்.

பட்டிமன்றம். தலைப்பைத் துணியில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். பீரோவுக்கு அடியில் குனிந்தபடி எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'எந்த ஊர் என்று கேட்பது பாசமே! அவமதிப்பே!'

நடுவர் பொன்னாடையோடுதான் பிறந்திருப்பார் போல. அது அவர் தோளோடு ஒட்டியிருந்தது.

"கல்யாணமாகி முப்பது வருசமாச்சு. எங்க மாமியார் இன்னும் என்னை எந்த ஊர் மாப்பிளேன்னு கேக்குறாங்க. நான் வழக்கு போட்டனா?"

கூட்டம் சிரித்தது. நாற்காலிகளும் சிரித்தன. எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. சிரித்தால் பீரோ ஆடுகிறது, அதனால் நிறுத்திவிட்டேன்.

பாசம் அணிக்காரர் எழுந்தார். "நடுவர் அவர்களே! வீட்டுக்கு ஒருத்தர் வர்றார். சாப்ட்டீங்களான்னு கேக்குறோம். அது தப்பா? மழையான்னு கேக்குறோம். அது தப்பா? எந்த ஊர்னு கேட்டா மட்டும் எப்படி நடுவரே தப்பு?"

கைதட்டல். எங்களை யாரும் சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. அதை அமராவதி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

அவமதிப்பு அணியில் ஒரு பேராசிரியை எழுந்தார். பட்டுப்புடவை. கணீர் என்று குரல்.

"ஊரைக் கேட்பது ஊருக்காக அல்ல! தெருவைக் கேட்பதற்காக! தெருவைக் கேட்பது தெருவுக்காகவா? அதற்குள் ஒளிந்திருப்பது என்ன என்று இந்த அவைக்கே தெரியும்!"

அவைக்குத் தெரிந்திருந்தது. எல்லோரும் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கை தட்டலாம் என்று பார்த்தேன். ரெண்டு கையும் கயிற்றில் இருந்தன.

அப்புறம் அவர் என் பக்கம் திரும்பினார்.

"இதோ நிற்கிறாரே இந்தச் சகோதரர், இவரே சாட்சி! அண்ணா, சபைக்குச் சொல்லுங்க. நீங்க உண்மையிலயே எந்த ஊர்?"

"அதைத்தானேம்மா கேக்கக்கூடாதுன்னீங்க."

"நான் கேக்கறது வேறண்ணா. நான் உங்க பக்கம் நின்னு கேக்கறேன்."

"எந்தப் பக்கம் நின்னு கேட்டாலும் மேல படி மொளைக்குதும்மா."

"அருமை!" என்றார் பேராசிரியை. மைக்கைப் பிடித்து அதையே அவர் சொன்னார். அவர் சொன்னபோது பெரிய கைதட்டல். அந்தக் கைதட்டலுக்கும் ஒரு படி முளைத்தது.

நான் மைக் பக்கம் வாயைக் கொண்டுபோனேன். "அய்யா, ஒரு நிமிசம். இந்தப் பீரோவ எங்க எறக்கறதுங்க?"

நடுவர் மணியடித்தார். "தலைப்பை விட்டு வெளியே போகக்கூடாது."

"வீடு வேணுமுங்கய்யா. பால் கெட்டுப்போயிரும்."

"நேரம் முடிந்தது."

தீர்ப்பு வந்தது. கேட்கிறவருக்கு அது பாசம், கேட்கப்படுகிறவருக்கு அது அவமதிப்பு, ஆகவே ரெண்டு அணியும் வெற்றி என்றார். எல்லோருக்கும் பொன்னாடை போட்டார்கள். எனக்கும் ஒன்று வீசினார்கள். அது பீரோவின் மேல் விழுந்தது. மெல்லிய துணிதான். அதுவும் பாரமாகத்தான் இருந்தது.

ஜன்னல்கள் மூடிக்கொண்டன. பந்தலைப் பிரித்துக்கொண்டு போனார்கள். ரெண்டு அணிக்காரர்களும் ஒரே வேனில் ஏறினார்கள்.

அண்ணாந்து பார்த்தேன். வீட்டுக்காரர் ரொம்ப உயரத்தில் இருந்தார். அவருக்குப் பின்னால் எங்கள் மாடி வீடு தீப்பெட்டி போலத் தெரிந்தது. அதன் கதவு எந்தக் கலர் என்றுகூடத் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"எந்தத் தெருங்க?"

"ஏறுவோம்" என்றேன்.

"ஏறி?" என்றாள் அமராவதி.

நான் ஏறினேன். ஏறினதெல்லாம் ஏறாத மாதிரியே இருந்தது. பீரோவுக்குள் கடல் முன்னும் பின்னும் போய்வந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. துறையூரைவிட்டுக் கிளம்பும்போது தெருப் பெயரைச் சொல்லிவைக்காமல் போன கிழவன்மேல் வந்தது. சொல்லிவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். ஒரு தெரு என்றால் வீடு கிடைத்திருக்காது, இன்னொரு தெரு என்றால் அந்தத் தெருவுக்காகத்தான் கிடைத்திருக்கும். அப்புறம் அந்தக் கிழவன்மேல் கோபம் போய்விட்டது. வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருப்பான்.

அமராவதி நின்றுவிட்டாள். சொம்பை மோந்து பார்த்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரந்தான். அப்புறம் திரிஞ்சிரும்."

"கொஞ்சம் பொறு."

"பாலுகிட்டச் சொல்லுங்க. அது பொறுத்தா நான் பொறுக்கறேன்." அரிசி டப்பாவை இறக்கிக் காலடியில் வைத்தாள். "எறக்குங்க."

"எங்க எறக்க?"

"இங்கதான்."

"இது வழி, புள்ள."

"யாருக்கு வழி? காலையிலிருந்து இதுல யாராச்சும் எங்கயாச்சும் போய்ச் சேந்தாங்களா? படுக்கப் போடுங்க."

நான் குனிந்து கயிற்றைக் கழற்றினேன். பீரோவைப் படிகளின் மேல் படுக்க வைத்தேன். சுவருக்குச் சுவர் சரியாக உட்கார்ந்தது. கதவு இடுக்கிலிருந்து கடல் தண்ணீர் வழிந்து, கீழே தெருவரை படிகளைக் கழுவிக்கொண்டு போனது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கயிற்றின் பள்ளம் இருந்தது. கயிறு இல்லை.

அமராவதி பீரோவின் முதுகில் ஸ்டவ்வை வைத்துப் பற்றவைத்தாள். ரெண்டு பேரும் பாலையே பார்த்தோம். ஓரத்தில் நுரை கட்டியது. நடுவில் எழும்பியது. திரியவில்லை. பொங்கி, சொம்பின் கழுத்தைத் தாண்டி வழிந்தது.

"பொங்கிருச்சு" என்றாள் அமராவதி.

"பொங்கிருச்சு" என்றேன். பாயை எடுத்து விரித்தேன்.

கீழ்வீட்டிலிருந்து ராக்கியப்பனின் சம்சாரம் கத்தினார். "ஏனுங்க, சோறு ஆறிப்போச்சு. எறங்கி வாங்க."

அவர் இறங்க ஆரம்பித்தார். அத்தனை படிகளையும் இறங்க வேண்டியிருந்தது. எல்லாம் அவர் கேட்ட படிகள்தான். வெயில் சாய்ந்த பிறகு எங்களுக்கு மேல்படியில் வந்து நின்றார். வேட்டி கசங்கியிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பீரோ வழியை அடைத்திருப்பதைப் பார்த்தார்.

"இங்கயே குடி வந்துட்டீங்களா?"

"வந்துட்டமுங்க."

"நல்லதுங்க" என்றார். தொண்டை வறண்டுவிட்டது.

அமராவதி டம்ளரில் பால் ஊற்றி, சர்க்கரை போட்டு, நீட்டினாள். அவர் வாங்கினார். டம்ளரை உதட்டருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். நாங்கள் காத்திருந்தோம். அவர் தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது. டம்ளரை இறக்கினார்.

"எல்லாஞ் சரிங்க" என்றார். "துறையூர்ல எந்தத் தெருன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா குடிச்சுப்போடுவேன்."

அமராவதி கையை நீட்டி டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அதை அவளே குடித்தாள்.

எங்களுக்கும் அவருக்கும் நடுவில், பதில் இல்லாமலே, படி தானாக முளைத்தது. அவர் ஒரு படி மேலே போனார்.

அமராவதி புதுப்படியை முந்தானையால் துடைத்தாள். அரிசி டப்பாவை எடுத்து அதன்மேல் வைத்தாள். கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் ஒண்ணு கேளுங்க" என்றாள் அவரிடம். "பருப்பு டப்பா வைக்கணும்."