நான்கு பேருக்கு மூன்று துண்டு

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதுவும் சொந்தக் கோபம் இல்லை, இரவல். பூங்காவுக்குக் காலை நடைக்கு வரும் கட்டிங் மாஸ்டரிடமிருந்து வாங்கினேன். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் துணி வெட்டியவர். நூறு அடுக்குத் துணியை விரித்து, மேலே சட்டையின் கை, கழுத்து, முதுகு என்று வரைந்து, விரற்கடைகூட வீணாகாமல் வெட்டித் தருவது அவர் வேலை. ஓய்வு பெற்றும் கண் ஓய்வு பெறவில்லை. எதைப் பார்த்தாலும் இதில் எத்தனை பாகம் தேறும் என்றுதான் போகும்.

அப்படிப்பட்டவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் ஒரு புதுமாதிரி உணவகத்துக்கு அழைத்துப்போனாள். அங்கே யாருக்கும் தனித்தட்டு கிடையாது. நடுவில் சின்னச் சின்னதாக ஏதாவது வந்துகொண்டிருக்கும், எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். மாஸ்டர், அவர் மனைவி, மகள், மாப்பிள்ளை என்று நான்கு பேர் போனார்கள். தட்டுக்கு மூன்று துண்டு வந்தது.

மாஸ்டர் இதை என்னிடம் நான்கு நாள் சொன்னார். முதல் நாள் துண்டு தீப்பெட்டி அளவு இருந்தது. மறுநாள் தபால்தலை. நான்காம் நாள் சட்டைப் பொத்தான். நான் ஐந்தாம் நாள் எழுத உட்கார்ந்தவன் என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

2.

தொடக்கம் ஒன்று: 'மங்கிய ஒளியில் நால்வரும் மௌனமாக அமர்ந்திருந்த அந்த—'

வேண்டாம். மங்கிய ஒளி உண்மை. பட்டப்பகலில் திரையை இழுத்துவிட்டு, என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாத அளவுக்கு இருட்டாக்கி வைத்திருந்தார்கள். மௌனம்தான் பொய். பாட்டு அலறிய அலறலில் மேசையில் தண்ணீர்க் குவளை தானாக நகர்ந்து மாஸ்டரிடம் வந்து சேர்ந்தது.*

தொடக்கம் இரண்டு: 'பசி என்பது மனிதகுலத்தின் ஆதி—'

இதை முடித்திருந்தால் எனக்கே பசி போயிருக்கும்.

தொடக்கம் மூன்று: "இதுக்கு முன்னாடி எங்ககிட்ட சாப்பிட்டிருக்கீங்களா சார்?"

இதுதான் சரி. பரிமாற வந்த பெண் கேட்டது. அறுபத்தாறு வருடமாகச் சாப்பிட்டு வருவதாகவும் ஓரளவு பழகிவிட்டதாகவும் மாஸ்டர் பதில் சொன்னார். அவள் சிரித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பதுபோல் விளக்கத் தொடங்கினாள். ஆளுக்கு இரண்டு தட்டு வீதம் சொல்ல வேண்டும். சமையலறையில் எது எப்போது தயாராகிறதோ அது அப்போது வரும். எந்த வரிசையில் என்று கேட்கக் கூடாது.

(கேட்கக் கூடாதாம். நம் வசதிக்கு அவர்கள் சமைப்பது போய், அவர்கள் வசதிக்கு நாம் பசித்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் கை முதலில், முதுகு நாளை, கழுத்து தயாராகும்போது என்று சட்டை அனுப்பியிருந்தால் மாஸ்டரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இது மாஸ்டர் சொன்னதா, நான் சேர்த்ததா என்று இப்போது எனக்கே தெரியவில்லை. யார் சொன்னாலும் நியாயம் நியாயம்தான்.)

* நகரவில்லை. கொஞ்சம் நடுங்கியது.

3.

ஏன் அந்த உணவகம்? மாஸ்டருக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மாஸ்டரின் மனைவிக்கு அவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. அதே தொழிற்சாலையில் தைத்து வரும் சட்டைகளைச் சோதிக்கும் பிரிவில் இருந்தவர். ஊரே அவரைச் செக்கிங் அக்கா என்றுதான் கூப்பிடும். அவருடைய தங்கை வேறு ஊரில் ஒரு தையல் பள்ளி தொடங்கி, சொல்லிக்கொடுக்க வா என்று அழைத்திருக்கிறார். வருடத்தில் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. செக்கிங் அக்காவுக்குப் போக ஆசை. சொல்லத்தான் வாய்க்கவில்லை. வீட்டில் வாயைத் திறந்தால் மாஸ்டர் கத்துவார். மகள் யோசனை சொன்னாள்: "நாலு பேர் நடுவுல அப்பா கத்தமாட்டாரும்மா. ஓட்டல்ல வெச்சு சொல்லிடு."

நல்ல யோசனை. ஆனால் கத்தாவிட்டால் பக்கத்து நாற்காலிக்கே காது கேட்காத ஓட்டலாகப் பார்த்துப் பிடித்தாள்.

இப்போது மாப்பிள்ளை. இவரை எனக்குப் பிடிக்கவில்லை. மனிதராக நல்லவர், பாத்திரமாகச் சொல்கிறேன். வந்த தட்டையெல்லாம் கைபேசியில் படம் பிடித்ததைத் தவிர இவர் ஒன்றும் செய்யவில்லை. எனவே ஒரு வரைவில் இவரை நீக்கினேன். உடனே மேசையில் மூன்று பேர், தட்டில் மூன்று துண்டு, ஆளுக்கு ஒன்று. மாஸ்டர் குறையேதும் இல்லாமல் சாப்பிட்டார். செக்கிங் அக்கா சொல்ல வந்ததைச் சொன்னார். கதை ஒரே பக்கத்தில் முடிந்துபோனது.

அவசர அவசரமாக மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

4.

முதலில் காளான் வந்தது. குடையை விரித்தாற்போன்ற தட்டு, ஒரு ஓரமாக, ஏதோ தப்பு செய்துவிட்டு ஒதுங்கியதுபோல் மூன்று காளான். சுற்றிலும் பச்சைச் சாறு சொட்டுச் சொட்டாக. சமையல்காரர் மை உதறியிருக்கிறார் என்று மாஸ்டர் நினைத்தார்.

நாலாவது எங்கே என்று கேட்டார்.

"மூணுதான் சார். இது ஷேரிங் பிளேட்."

"மூணு பேர் ஷேர் பண்ணுவோம். நாலாவது ஆள் அத வேடிக்க பாக்கணுமா?"

அந்தப் பெண்ணுக்கு அவருடைய கேள்வியும் பழசு, கோபமும் பழசு. வேண்டுமானால் இன்னொரு தட்டு சொல்லலாம் என்றாள். இன்னொரு தட்டு சொன்னால் ஆறு துண்டு, நான்கு பேர், அதுவும் ஒழுங்காக வகுபடாது என்று மாஸ்டர் அவளுக்கு விளக்கினார். நியாயமா இது? தொழிலே நான்கு பேர் மேசைக்கு மூன்று துண்டு வைப்பதுதான் என்றால் அதன் பெயர் பகிர்தலா? எவன் பெரிய மனதுக்காரன், எவன் கூச்சப்படுகிறவன், எவன் கூசாமல் எடுக்கிறவன் என்று ஒரு குடும்பத்துக்கே பரீட்சை வைக்க இவர்கள் யார்?

"எனக்கு வேண்டாம், நீங்க எடுத்துக்குங்க" என்றார் செக்கிங் அக்கா. பிறகு, "என்னங்க, ஒரு விஷயம்—"

"இரு."

மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். காளானின் குறுக்களவைப் பார்த்தார். ஒவ்வொன்றையும் நான்காக வெட்டினால் பன்னிரண்டு, ஆளுக்கு மூன்று. கணக்கில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. வெண்ணெய் தடவும் மொண்ணைக் கத்தியால் அவர் வெட்டி முடிப்பதற்குள் காளான் ஆறிப்போய், பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் சாப்பிட்டு எழுந்து, வேறொரு குடும்பம் வந்து உட்கார்ந்துவிட்டது.* உதிர்ந்த துணுக்கைக் கத்தி நுனியில் ஒதுக்கிக் காட்டி, மொத்த வெட்டில் இதுதான் சேதாரம் என்றார். மாப்பிள்ளை படம் எடுத்துக்கொண்டார்.

பிறகு பீட்ரூட் மூன்று. "என்னங்க—" "இரு." பன்னிரண்டு. பிறகு உருளைக்கிழங்கு மூன்று. அதை ஒரு கருங்கல் பலகைமேல் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஊரெல்லாம் தட்டு விற்கிறது, கல்லில் சோறு போடுகிறார்கள் என்று மாஸ்டர் பலகையைத் தூக்கி நான்கு பக்கமும் காட்டினார். மகள், "அப்பா, அம்மா ஏதோ சொல்ல வர்றாங்க" என்றாள். சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றார். எதைச் சாப்பிட்டுவிட்டு என்று அவரே அடுத்துக் கேட்டார்.

 * ஒரு ஆள் எழுந்து கை கழுவப் போனார். குடும்பம் நான் சேர்த்தது.

5.

இங்கே பேனாவை வைத்துவிட்டு, எழுதிய வரைக்கும் படித்துப் பார்த்தேன். கருங்கல் பலகை நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே ஒரு சிரிப்பு. பிறகுதான் கண்ணில் பட்டது. மாஸ்டருக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்திருக்கிறேன், அவர் மனைவிக்கு அரைகுறை 'என்னங்க' இரண்டு. மாஸ்டராவது 'இரு' என்று வாய்விட்டுச் சொன்னார். நான் சொல்லாமலே செக்கிங் அக்காவை உட்கார வைத்திருக்கிறேன்.

எப்படித் தெரியும் என்று சொல்வதாகச் சொன்னேனே. மாஸ்டர் நான்காவது முறையாகச் சொல்லி முடித்த அன்று, மருந்துக் கடையில் செக்கிங் அக்காவைப் பார்த்தேன். அந்த உணவகத்தின் அநியாயத்தைப் பற்றி நானாகவே ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கல்லுப் பலகை பத்தி சொன்னாரா?"

"சொன்னார்."

"நான் எதுக்கு அங்க போனேன்னு சொன்னாரா?"

இல்லை என்றேன். அப்போதுதான் தங்கையைப் பற்றியும் பள்ளியைப் பற்றியும் சொன்னார். அன்றைக்குச் சொல்லவே முடியவில்லையா என்று கேட்டேன்.

"கடைசி தட்டு வரைக்கும் பாத்தேன் சார். அப்புறம் காபி வந்துச்சு. காபி கப்பு சின்னதா இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. மாதக் கடைசிக்குள் தங்கைக்குப் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வாள் என்றார்.

"முப்பது வருஷம் சட்டையில குறை பாத்தேன். அதுக்கு வாய் வேண்டாம். குறை இருக்கிற எடத்துல சிவப்பா ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டு அடுத்தத எடுக்கணும். இவருக்கு எங்க ஒட்டுறது?"

நான் கதை எழுதுகிறவன், இதை எழுதட்டுமா என்று தயங்கிக் கேட்டேன். மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டே யோசித்தார்.

"எழுதுங்க. நான் பேசினா குறுக்க பேசுவாரு. எழுதினா முடியாதுல்ல."

6.

கடைசியாகக் கணவாய் மீன் வந்தது. வளையம் வளையமாக வெட்டிச் சுட்டது. அதிசயமாக ஐந்து. நான்கு பேருக்கு ஐந்து! மாஸ்டருக்குக் குறைந்தபோது வந்த கோபத்தைவிடக் கூடியபோது அதிகம் வந்தது. இவர்கள் எண்ணத் தெரிந்தே செய்கிறார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆளுக்கு ஒன்று எடுத்தபின் நடுவில் ஒரு வளையம் கிடந்தது. வட்டத்தை எங்கே தொடங்கி வெட்டுவது என்று மாஸ்டர் நாடாவை விரித்தார்.

நடந்ததை எழுதினால், அவர் அதையும் நான்காக வெட்டினார், காபி வந்தது, கப்பு சின்னதாக இருந்தது. அதை எழுதமாட்டேன். எழுதக் கை கூசுகிறது. வேறு முடிவு பார்ப்போம்.

முடிவு (அ): மாஸ்டர் சட்டென்று மனைவியின் முகத்தைப் பார்க்கிறார். முப்பத்தாறு வருடம் கத்திரி பிடித்த அந்தக் கை மெல்ல நடுங்க, அவர் கண்களில்—

இல்லை. மாஸ்டர் நாளைக்குப் பூங்காவில் என்னைத் துரத்துவார்.

முடிவு (ஆ): செக்கிங் அக்கா கைத்துணியை மேசையில் எறிந்துவிட்டு எழுந்து வெளியே—

இதுவும் இல்லை. மாப்பிள்ளை படம் எடுப்பார். தவிர, விட்டுவிட்டுப் போகிறவர் இத்தனை தட்டுக்குக் காத்திருக்கமாட்டார்.

முடிவு (இ): கத்தி இறங்குவதற்குள் செக்கிங் அக்கா கையை நீட்டி அந்த வளையத்தை எடுத்தார். அடுத்த 'இரு'வுக்காக மாஸ்டர் வாயைத் திறந்தார். அக்கா வளையத்தை அந்த வாய்க்குள் வைத்துவிட்டார்.

சுட்ட கணவாய் அளவுக்கு மிஞ்சி வெந்தால் ரப்பர். அந்தச் சமையல்காரர் தாராளமாக மிஞ்ச விட்டிருந்தார். துப்ப முடியாது, நாலு பேர் பார்க்கிறார்கள். மாஸ்டர் மென்றார். மெல்ல மெல்ல அது வளர்ந்தது.

செக்கிங் அக்கா நாற்காலியை இழுத்து அவர் காதருகே போட்டுக்கொண்டார்.

"என் தங்கச்சி தையல் பள்ளி ஆரம்பிச்சிருக்கா. சொல்லிக்குடுக்க என்னைக் கூப்பிடுறா. ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் நம்ம வீட்டுல. உங்க மேல கோவிச்சுக்கிட்டுப் போகல. எனக்குத் தெரிஞ்சத நாலு பேருக்குச் சொல்லிக்குடுக்கணும்னு ஆசையா இருக்கு. வாயத் திறந்து பேசுற வேலை. உங்கள கேட்டுட்டுப் போலாம்னு பாக்குறேன். சொல்லிட்டுப் போற மாதிரி பண்ணிடாதீங்க."

மாஸ்டர் மென்றுகொண்டிருந்தார்.

7.

அவரை விழுங்க விடமாட்டேன். விழுங்கினால் பேசுவார். என்ன பேசினார் என்று எழுதினால் அது என் பேச்சாகிவிடும். எனக்கு மிகைப்படுத்தாமல் எழுத வராது என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவே, வாசகர்களே, கொஞ்சம் எழுந்து வெளியே போங்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். இனி இது ஒரு வீட்டு விஷயம். மாப்பிள்ளை, நீங்களும்தான்.

மாஸ்டர், நீங்கள் மட்டும் இருங்கள். பூங்காவில் இந்தக் கதை வந்த இதழை உங்கள் கையில் நான்தான் கொடுத்தேன். இது வரைக்கும் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டீர்கள். துண்டு பொத்தான் அளவு இல்லை, அதைவிடச் சின்னது என்று சண்டை போட வேண்டுமானால் நாளைக் காலை என்னிடம் வாருங்கள், விடியும்வரை யோசித்து வையுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து திட்டுகிறேன். இப்போது வேண்டாம்.

மாதம் முடிய ஆறு நாள் இருக்கிறது. செக்கிங் அக்கா வீட்டுக்குள்ளேதான் இருக்கிறார். போய் எதிரில் உட்காருங்கள். அவர் 'என்னங்க' என்பார்.

அந்த இடத்தில் ஒன்றும் சொல்லாமல் இருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.