உதைத்துத் தள்ளிய கல்லடுக்குகள்

சியரா மலையில் தடமில்லாத கணவாய்களைக் கடக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வழி காட்ட யாராவது கல்லடுக்கி வைத்திருந்தால் இடித்துவிட வேண்டும்; மலையை மலையாகவே விட வேண்டும். எனக்கு அதில் பக்தியே உண்டு. அன்று ஏறும்போது கண்ணில் பட்ட அடுக்கையெல்லாம் உதைத்துக்கொண்டே போனேன்.

“ஒண்ணு ரெண்டையாவது விட்டு வையேன், கோராலி. திரும்பி வர வேண்டியிருந்தா?” என்றான், பின்னால் மூச்சிரைக்க வந்த என் கணவன் லெஸ்டர்.

“நாம ஏன் திரும்பப் போறோம்? வழி எனக்குத் தெரியும். பேசாம வா.”

பாதி மலையில் அடுக்குகள் வலப்பக்கம் திரும்பின. வழி தெரியாத எவனோ வைத்தது என்று அங்கே இருந்ததையும் உதைத்துவிட்டு, இடப்பக்கம் ஏறினேன். ஆடுகிற பாறைகளில் கையையும் ஊன்றி ஏறி, உச்சியில் தெரிந்த இடுக்கை எட்டியபோது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. மறுபக்கம் எட்டிப் பார்த்தேன். சுவர் போலச் செங்குத்தான பாறை, அடியில் ஏரி. கால் வைக்க இடமில்லை.

வலப்பக்கம், ஒரு முகடு தாண்டி, உண்மையான கணவாய் சாவகாசமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அங்கே போக, அடுக்குகள் திரும்பிய இடத்துக்கே இறங்க வேண்டும்.

கீழே பார்த்தோம். எங்கும் ஒரே சாம்பல் நிறக் கல். ஓர் அடுக்குகூட நிற்கவில்லை.

“சும்மா சொல்லக் கூடாது, ரொம்பச் சுத்தமா பெருக்கி வச்சிருக்கே” என்றான் லெஸ்டர்.

“வழி எனக்குத் தெரியும். பேசாம வா” என்று முன்னால் இறங்கினேன்.