படம் எதுவும் இல்லை

அலுவலகத்தில் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் சைரன். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கத்தாமல் எந்த நிகழ்ச்சியை யார் நடத்திக் கிழித்திருக்கிறார்கள்? மேடைக்காரர் ஒரு பக்கம், விளக்குக்காரர் ஒரு பக்கம், சாப்பாட்டுக்காரர் ஒரு பக்கம் என்று ஆளுக்கொரு திசையில் இழுக்கும்போது நடுவில் நிற்கிறவள் தொண்டையைத் திறந்துதான் ஆக வேண்டும்.

அந்த வியாழக்கிழமை காலையிலும் கத்திக்கொண்டுதான் இருந்தேன். போனில், அண்ணனிடம். மறுநாள் அவன் வந்து அம்மாவைத் தன் ஊருக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. ஏற்பாடு என்னுடையதுதான். அம்மா என்னோடு இருக்கிறாள் என்று பேர், நான் வீட்டில் இருப்பதே தூங்குகிற நேரம் மட்டும். நாளெல்லாம் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் மனுஷிக்குப் புத்தி என்னத்துக்காகும்? அங்கே அண்ணி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள். விஷயத்தைச் சொன்னதும் அம்மா "சரி" என்றாள். பெட்டியை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"லேட் பண்ணாம வந்து சேரு," என்றேன் அண்ணனிடம். "வாசப்படியைத் தாண்டாம அடைஞ்சு கிடக்காங்க, பாவம்."

அதற்குள் கார் கம்பெனி மேடம் வந்துவிட்டார். அவர்களுடைய விழாக்கள் எல்லாவற்றையும் எங்களிடம் கொடுப்பதா வேண்டாமா என்று பார்க்க வந்தவர். சிரிக்காத முகம். காபி வேண்டாம், தண்ணீர் வேண்டாம், நேரே விஷயத்துக்கு வாங்க என்று உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் தொழிலில் வருஷத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். போன வருஷம் வானத்தில் ட்ரோன் விட்டுப் பேர் எழுதினோம். இந்த வருஷம் முகம். விழாவுக்கு வந்தவர் தன் முகத்தை ஒரு செல்ஃபி எடுத்து அனுப்பினால் போதும். அன்றைக்கு எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் அவர் எங்கெங்கே இருக்கிறாரோ அதையெல்லாம் மெஷின் பொறுக்கி எடுத்து அவர் போனுக்கு அனுப்பிவிடும். ஜனங்கள் இதற்கு உயிரை விடுகிறார்கள். எங்களுக்கு இதைச் செய்து தந்த சாஃப்ட்வேர்காரர், சோதனைக்காகப் போன ஒரு வருஷத்தில் நாங்கள் நடத்திய எல்லா நிகழ்ச்சிகளின் படங்களையும் உள்ளே ஏற்றி வைத்திருந்தார்.

முதலில் என் முகத்தைக் கொடுத்தோம். மடமடவென்று வந்தன. எல்லாவற்றிலும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன்.

"அதெல்லாம் சரி," என்றார் மேடம். "ஒருத்தர் படம் தப்பா இன்னொருத்தருக்குப் போயிட்டா? எங்க முதலாளி படம் கண்டவங்க போனுக்கும் போச்சுன்னா என் வேலை காலி."

"போகவே போகாது மேடம். இப்பவே காட்டறேன்," என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. "எங்க நிகழ்ச்சிப் பக்கமே தலை வச்சுப் படுக்காத ஒருத்தர் முகத்தைக் குடுப்போம். ஒரு படமும் வரக்கூடாது. வந்தா நீங்க எழுந்து போயிடலாம்."

போனிலிருந்து அம்மா படத்தை எடுத்தேன். எடுத்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும், ஜன்னலோரம் சிரித்துக்கொண்டிருப்பாள். "எங்கம்மா. வீட்டை விட்டு வெளியிலயே வரமாட்டாங்க," என்று சொல்லிவிட்டு மெஷினில் போட்டேன். 'படம் எதுவும் இல்லை' என்று திரையில் வரப்போகிறது, மேடத்தின் வாயை அடைக்கலாம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

திரை நிறைந்துவிட்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்றா இரண்டா! மேலே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. கல்யாண வரவேற்பில் முதல் வரிசையில் ஓர் அம்மா. போன் அறிமுக விழாவில் கை தட்டிக்கொண்டு ஓர் அம்மா. டாக்டர்கள் மாநாட்டில், ஏதோ தனக்கே பரிசு கிடைத்த மாதிரி மேடையைப் பார்த்து முகமெல்லாம் பூரித்துப்போய் ஓர் அம்மா. எல்லாவற்றிலும் ஒரே பழுப்புச் சால்வை. அம்மாவிடமும் அப்படியொன்று உண்டு.

"உங்கம்மா வெளியிலயே வரமாட்டாங்கன்னீங்க?" என்றார் மேடம்.

மானம் கப்பலேறியது. சாஃப்ட்வேர்காரரைப் பிடித்துக்கொண்டேன். "என்னய்யா மெஷின் இது? யாரோ ஒரு அம்மாவைக் காட்டிக்கிட்டு இருக்கு?"

"மேடம், மெஷின் தப்பு பண்ணாது. அவங்கதான்," என்றார் அவர் நிதானமாக. அந்த நிதானம்தான் என்னை இன்னும் கிளப்பிவிட்டது.

"எங்கம்மாவை எனக்குத் தெரியாதா? உங்களுக்குத் தெரியுமா?" திரையில் ஒரு படத்தைப் பெரிதாக்கினேன். அந்த அம்மா வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். மேல் வரிசையில் இடது பக்கம் ஒரு பல் இல்லை. விட்டேனா! "நல்லாப் பாருங்க. இவங்களுக்குப் பல்லு ஒண்ணு இல்ல. எங்கம்மாவுக்கு எல்லாப் பல்லும் சும்மா வரிசையா இருக்கும். இந்தச் சால்வையும் எந்தக் கடையில வேணாலும் கிடைக்கும்."

"அப்போ மெஷின் சரியில்லைன்னு நீங்களே சொல்றீங்க," என்று மேடம் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். என் வாயாலேயே என் பிழைப்பில் மண்ணைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

அவர் போன பிறகு சாஃப்ட்வேர்காரர் இன்னொரு படத்தைத் திறந்தார். மூன்றாவது வரிசை. ஓரத்து நாற்காலியில் அந்த அம்மா. பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், காதில் மைக்கோடு நான். நான் மேடையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறேன். அந்த அம்மா மேடையைப் பார்க்கவில்லை. அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் படத்தை என் போனுக்கு மாற்றிக்கொண்டேன்.

விழாவில் கூட்டம் குறைந்தால் நடத்துகிறவர்களுக்கு முகம் சுண்டிப்போகும். அதனால் காலி நாற்காலிகளை நிரப்ப ஆள் அனுப்புகிறவர் ஒருவர் உண்டு. நல்ல உடுப்பு உடுத்தி, சொந்தக்காரர்போல வந்து உட்கார்ந்து, கை தட்டிவிட்டுப் போகிற ஆட்கள். நாற்காலி அண்ணன் என்று அவருக்குப் பேர். படத்தை அவருக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டேன். இவங்க யாருண்ணே?

"அட, நம்ம முன்வரிசை அம்மா!" என்றார். "ஒரு வருஷமா வர்றாங்க மேடம். தங்கமான ஆளு. மத்ததுங்க எல்லாம் போனை நோண்டிக்கிட்டு இருக்கும். இவங்க மனசாரக் கை தட்டுவாங்க. பஸ் பிடிச்சு வருவாங்க, நீங்க எல்லாத்தையும் பிரிச்சு முடிக்கிறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடுவாங்க. ஆனா ஒரு அடம் உண்டு. உங்க நிகழ்ச்சிக்கு மட்டும்தான் வருவாங்க. வேற யாருதுக்குக் கூப்பிட்டாலும் முட்டி வலிம்பாங்க. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல."

"என்கிட்ட ஒரு தடவைகூட வந்து பேசினதில்லையேண்ணே?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! உங்க ஆளுங்க யாரும் என் பக்கத்துல வந்து பல்லைக் காட்டக்கூடாது, என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக்கூடாதுன்னு நீங்கதானே அந்தக் கத்து கத்தினீங்க? வர்றவங்க எல்லாருக்கும் அதைத்தான் முதல்ல சொல்லி அனுப்பறேன்."

அப்போதும் நான் அந்தப் பல்லை விடவில்லை. உலகத்தில் ஒரே ஜாடையில் எத்தனையோ பேர். எங்கம்மாவுக்குப் பல் இருக்கிறது. இதையே வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வண்டியை ஓட்டினேன். சிவப்பு விளக்கில் நிற்காமல் போனேனோ என்னவோ, பின்னால் யாரோ ஹாரனை அமுக்கித் திட்டினார்கள்.

அம்மா கதவைத் திறந்தாள். கையில் மடித்த துணி. "என்னடி இது, பட்டப்பகல்ல? யாருக்கு என்ன ஆச்சு?"

"அம்மா, வாயைத் திற."

"என்னது?"

"வாயைத் திறம்மா!"

"பேய் கீய் பிடிச்சிருக்கா உனக்கு?" என்று சொல்லி அம்மா சிரித்தாள்.

மேல் வரிசை. இடது பக்கம். பல் இல்லை.

ஐயோ! அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டேன். தினமும் இந்த வாயிலிருந்துதான் "சாப்பிட்டியா?" என்று வருகிறது. தினமும் நான் "ம்" என்கிறேன்.

"எப்போ விழுந்துச்சு?"

"பல்லா? அது போச்சு, மழைக்காலத்துலயே. சொன்னேனேடி. நீ போன்ல இருந்தே. சரிம்மா, சரிம்மான்னே."

செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "எங்க நிகழ்ச்சிக்கெல்லாம் வர்றியாமே?"

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. திருட்டுத்தனமாகத் தின்று மாட்டிக்கொண்ட குழந்தைபோலத் துணியை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். "அந்த நாற்காலிக்காரர் போட்டுக் குடுத்துட்டாரா? உனக்கு அசிங்கமாப் போச்சா? நான் யாருகிட்டயும் உன் பேரைச் சொன்னதில்லைம்மா. சத்தியமா."

"அவர் இல்லம்மா, முகத்தை வச்சுப் படம் தேடற மெஷின் ஒண்ணு காட்டிக் குடுத்துச்சு. ஏம்மா வந்தே?"

"வீட்டுல உன்னை எங்க பார்க்க முடியுது? நான் எழுந்திரிக்கும்போது நீ கிளம்பிக்கிட்டிருப்பே, நீ வரும்போது எனக்குப் பாதித் தூக்கம். அங்கே வந்தா ரெண்டு மூணு மணி நேரம் கண்ணு நிறையப் பார்க்கலாம். என்னமா ஓடறே, என்னமா எல்லாரையும் விரட்டறே! பக்கத்து நாற்காலியில இருக்கறவங்க எல்லாம் இந்தப் பொண்ணு ராட்சசின்னு சொல்லுவாங்க. எனக்கு ஒரே பெருமையா இருக்கும்."

"என் கண்ணுல நீ படவே இல்லையேம்மா."

"பட்டேனே. ஒரு தடவை நீயே என்கிட்ட பேசினியே."

"நானா?"

"ஆமா. 'மேடம், பையைத் தூக்கி மடியில வைங்க, கேமராவுல விழுது'ன்னே. எனக்குத் திக்குன்னுது, மாட்டிக்கிட்டோம்னு. நிமிர்ந்து உன்னையே பார்த்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, நீ பையைத்தான் பார்த்தே." அம்மா லேசாகச் சிரித்தாள். "என் வாழ்நாள்ல என்னை மேடம்னு கூப்பிட்டது நீ ஒருத்திதான்."

அடிப்பாவி, என்று என்னையே சொல்லிக்கொண்டேன். அந்தப் பை எனக்கு ஞாபகம் இருக்கிறது. பச்சைத் துணிப் பை, காது அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது. கேமராக்காரரைக்கூட அதற்காகத் திட்டினேன். பையைப் பிடித்திருந்த கை ஞாபகமில்லை. முகம் ஞாபகமே இல்லை.

அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் போய், கடைசியாக அந்தப் பழுப்புச் சால்வையை மடித்து மேலே வைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். "ஏம்மா, அண்ணன் இருக்கற ஊர்ல உனக்கு ஏதாவது நிகழ்ச்சி வருமா? எப்பவாவது?"

எழுந்துபோய்ப் பெட்டியைக் கவிழ்த்தேன். துணியெல்லாம் தரையில். "ஐயையோ, மடிச்சு வச்சதைக் கலைக்கறாளே!" என்று அம்மா என் கையில் ஓங்கி ஓர் அடி போட்டாள். நான் அதற்குள் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டேன். எடுத்ததும் பேச வரவில்லை. சைரனுக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அவன் "ஹலோ, ஹலோ" என்று கத்த, அம்மா போனைப் பிடுங்கினாள்.

"நீ வாப்பா. வந்து ஒரு வேளை சாப்பிட்டுட்டுப் போ. நான் வரல. ஏனா? எனக்கு நாளன்னிக்கு ஒரு நிகழ்ச்சி இருக்கு."

சனிக்கிழமை நிகழ்ச்சி என்னுடையதுதான். பெரிய மண்டபம், கண்ணுக்கு எட்டின மட்டும் நாற்காலி. சால்வையைத் தரையிலிருந்து எடுத்து உதறி அவளிடம் கொடுத்தேன்.

"எந்த வரிசையிலம்மா உக்காருவே?"

"அதைச் சொல்ல மாட்டேன்," என்றாள் அம்மா, பல் விழுந்த இடம் தெரியச் சிரித்துக்கொண்டு. "மெஷின் இல்லாம நீயே கண்டுபிடி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்டுபிடிக்காமல் விட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. பக்கத்தில் போய் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.